வெறும் வாயோடு இறங்கியவள்

ரபேயாவின் வீட்டுப் படிகளில் யாரும் வெறும் வாயோடு இறங்கியதில்லை.

விடியற்காலையில் அடுப்பு மூட்டியதும் அவள் செய்யும் முதல் வேலை, பீங்கான் கோப்பை நிறையக் கருங்காப்பி ஊற்றி, ஏணிப்படியின் தலைமாட்டிலுள்ள பலகையில் வைப்பதுதான். வீட்டை விட்டு இறங்குகிறவர் எவராயினும் அதில் ஒரு வாய் குடித்தாக வேண்டும். அவசரக்காரர்கள் விரல் நுனியைக் காப்பியில் நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டால் போதும். சாம்பாஸ் ஆற்றங்கரை வீடுகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம் இது. வீட்டில் இருப்பதைத் தொடாமல் புறப்பட்டவரைக் கெம்புனான் என்னும் கேடு பிடிக்கும் என்பார்கள். அப்படிப் பிடிபட்டவரை வழியில் பாம்பு கடிக்கலாம், முதலை இழுக்கலாம், வண்டி கவிழ்க்கலாம்.

மற்ற வீட்டுக்காரர்கள் நினைவு வந்தபோது செய்வார்கள். ரபேயாவோ, மறந்து போனவரைப் படகுத்துறை வரை துரத்திச் சென்றும் செய்ய வைப்பாள். கோழி திருடினான் என்று அவளே வாய் வலிக்க வைது அனுப்பிய பக்கத்து வீட்டுக்காரனைக்கூட, "நில்லுடா! விரலை நனைச்சிட்டுப் போ. வழியில செத்துத் தொலைஞ்சா எம்மேலதான் பழி வரும்" என்று படியில் நிறுத்தி வைத்தவள் அவள்.

அப்படிப்பட்டவள் இன்று காலை கோப்பையைப் பலகையில் வைக்கவில்லை.

காரணம் இதுதான். அவளுடைய கணவர் தர்விஸ் எல்லைக்கு அப்பால் சரவாக்கில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்பவர். ஆண்டு தவறாமல் பெருநாளைக்கு வந்துவிடும் மனிதர், இந்த ஆண்டு வரவில்லை; அவருடைய கைபேசியும் அணைந்தே கிடக்கிறது. அதே சரவாக்கின் கூச்சிங் நகரத்தில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை பார்க்கும் அவர் தங்கை ஹம்ஸியா மட்டுமே வந்தாள். அவள் திரும்பிப் போகும்போது தானும் போவதாக மகள் மஸ்வாரி பிடிவாதம் பிடித்தாள். போய்ச் சம்பாதிக்க வேண்டும், அப்படியே தந்தையையும் தேட வேண்டும் என்பது அவள் எண்ணம். தாய் அழுதாள், கெஞ்சினாள். கடைசியில், "போறவளுக்கு இந்த வீட்டுல காப்பி கிடையாது!" என்று ஒரு சொல்லை வீசினாள்.

கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் இரவு படுத்துப் புரண்டபோது அதிலேயே ஒரு வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கோப்பை இல்லாவிட்டால் மகளுக்குக் கால் எழாது. கெம்புனானுக்கு அஞ்சி நின்றுவிடுவாள்.

காலையில் படியின் தலைமாட்டில் மகளின் குரல் கேட்டது.

"உம்மா... கோப்பை எங்கே?"

ரபேயா அடுப்படியில் குனிந்து ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உம்மா, நான் கிளம்புறேன்."

அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்.

"வா கண்ணு, பஸ்ஸு போயிடும்" என்றாள் ஹம்ஸியா.

பிறகு படிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. மகள் இதோ திரும்பி ஓடி வருவாள் என்று ரபேயா காத்திருந்தாள். கடைசிப் படியின் ஓசையும் அடங்கியது. அவள் நிமிர்ந்து வாசலுக்கு வந்தபோது தெருவில் சேற்றுத் தடங்கள் மட்டுமே இருந்தன.

அந்தத் தடங்கள் கண்முன்னேயே நிறைந்து கரைந்தன. மழை பிடித்துக்கொண்டது.

*

முற்பகலில் மீன்காரன் ஜைலானி வந்தான். அவன் மோட்டார் சைக்கிளின் சத்தத்துக்கு முன்னால் அவன் வாய்ச் சத்தம் வந்துவிடும்.

"ரபேயாக்கா! கெளுத்தி வேணுமா, இறால் வேணுமா? ஏன், பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? காப்பிக் கோப்பையைக் காணோமே! இன்னிக்கு நான் எதை நனைச்சிட்டுப் போறதாம், இந்த மீன் தண்ணியையா?"

"மஸ்வாரி போயிட்டா."

"ஓ..." அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "இந்த மழையிலயா? மலைப்பக்கம் விடியறதுக்கு முன்னாலயே கொட்ட ஆரம்பிச்சிடுச்சாம். காட்டுப் பாதையில அந்த ஓடை இருக்குல்ல, அது கரை தொட்டு ஓடுதுன்னு லாரிக்காரங்க சொல்றாங்க."

"அவ ஏன் காட்டுப் பாதையில போறா? பாஸ்போர்ட் கைக்கு வந்துடுச்சு. எல்லை வாசல் வழியா, முத்திரை வாங்கிட்டு, ராணி மாதிரி நடந்து போவா."

ஜைலானி மீன் கூடையின் மூடியைத் திறந்தான், மூடினான். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"அக்கா, உங்க நாத்தனார் நேத்து சந்தையில என்கிட்ட விசாரிச்சா. ஆளுங்களைக் காட்டு வழியாக் கூட்டிட்டுப் போற தெக்கோங் யாராவது நம்பிக்கையானவன் இருக்கானான்னு. வேற யாருக்கோன்னு நெனச்சேன்."

ரபேயாவுக்குக் கேட்டது, ஆனால் சொற்கள் உள்ளே போய்ச் சேரச் சற்று நேரமாயிற்று. மகளின் கைபேசிக்கு அழைத்தாள். அணைந்திருந்தது. ஹம்ஸியாவின் கைபேசி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். மறுபடியும்.

பாம்பு, முதலை, வண்டி என்று அவள் பிறருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஆபத்துகளின் வரிசையில் இப்போது ஓர் ஓடை வந்து நின்றது. அவள் கை தானாகவே ஆணியில் தொங்கிய கோப்பையைத் தேடிப் போயிற்று. கோப்பை உலர்ந்து, குளிர்ந்து இருந்தது.

"ஜைலானி, உன் வண்டி எல்லை வரைக்கும் ஓடுமா?"

"வண்டி ஓடும். மீனு?"

"மீனை எங்க அடுப்படியில இறக்கு. மொத்தத்தையும் நானே வாங்கிக்கிறேன்."

"ஒரு கூடைக் கெளுத்தியையும் நீங்க ஒருத்தியே தின்னுவீங்களா?" என்று கேட்டவன், அவள் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கத் தொடங்கினான்.

அவள் காப்பி கொதிக்க வைத்துப் பிளாஸ்கில் ஊற்றினாள். கோப்பையைத் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டாள். ஜைலானி மட்டும் மறக்காமல் பாத்திரத்தின் விளிம்பில் விரலை ஒற்றி உதட்டில் வைத்துக்கொண்டான்.

வண்டி பாலம் தாண்டிய பிறகுதான் ரபேயாவுக்கு உறைத்தது: தானும் வெறும் வாயோடு இறங்கிவிட்டாள். பிளாஸ்க் மடியில்தான் இருந்தது. திறந்து ஒரு விரல் நனைத்துக்கொள்ளலாம். அவள் கை மூடி வரை போய் நின்றது. வேண்டாம். பிடிப்பதானால் என்னையே பிடிக்கட்டும். இதன் முதல் சொட்டு அவளுக்கு.

*

சஜிங்கான் ஊருக்கு அப்பால் சாலை மலையேறுகிறது. ஒரு பக்கம் செம்மண் சரிவு, மறுபக்கம் காடு. செம்மண் சாலையில் இறங்கி வழுக்கல் ஆகியிருந்தது. ஒரு வளைவில் பின்சக்கரம் ஓரமாக இழுத்துக்கொண்டு போக, வண்டி குறுக்கே திரும்பிப் பள்ளத்தின் விளிம்பைப் பார்த்து நின்றது.

"இறங்காதீங்க! அசையாதீங்க!" என்று கத்தினான் ஜைலானி. இரண்டு காலையும் சேற்றில் ஊன்றி, அங்குலம் அங்குலமாக வண்டியைப் பின்னுக்கு இழுத்தான். "என்ன அக்கா இது? நான் நனைச்சிட்டுத்தானே வந்தேன்!"

ரபேயா கண்ணை மட்டும் தாழ்த்தினாள். கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. அதற்குக் கீழே எங்கோ தண்ணீர் இரைந்தது.

எங்கோ ஓர் இருவாச்சிப் பறவை கரகரத்துக் கத்தியது. அந்தக் குரலோடு, பள்ளிக்கூடத்தில் கேட்ட கதையொன்று அவளுக்கு நினைவு வந்தது. சிறுமியாக இருந்தபோதே அவளுக்குப் பிடிக்காத கதை.

ஒரு தாய் இருவாச்சி மரப்பொந்தில் புகுந்து, தன் வழக்கப்படி வாசலை மண்ணால் பூசிக்கொண்டது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றை மட்டும் விட்டது. ஆண் பறவை அதன் வழியே பழங்களை ஊட்டி வந்தது. ஒருநாள் ஆண் பறவை வரவில்லை. குஞ்சு வளர்ந்து, வெளியே போக உள்ளிருந்து சுவரைக் கொத்தியது. வெளியே பருந்து இருக்குமே என்று அஞ்சிய தாய், குஞ்சு கொத்திய இடத்தையெல்லாம் மீண்டும் பூசியது. குஞ்சு கொத்தக் கொத்தத் தாய் பூசியது. சுவர் தடித்தது, கீற்றும் அடைந்துபோயிற்று. "அப்புறம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "அப்புறம் உள்ளே இருட்டு" என்பார் ஆசிரியர். கதை அதோடு நின்றுவிடும்.

ரபேயா பிளாஸ்கை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள்.

*

எல்லை வாசலுக்கு எதிரேயிருந்த காப்பிக்கடையில், ஈரப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஹம்ஸியா உட்கார்ந்திருந்தாள். கூச்சிங்கிலிருந்து வந்த நாளில் அவள் உதட்டில் இருந்த சாயமும், பேச்சில் இருந்த துள்ளலும் இப்போது இல்லை.

"ஹம்ஸியா! எம்புள்ள எங்கே?"

"மதினி! நீங்க எப்படி..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"வந்துடுவா மதினி. அந்தப் பக்கம் ஆள் நிக்கிறான். வந்து சேர்ந்ததும் போன் பண்றேன்னான். அவன் கூப்பிடுறப்போ லைன் கிடைக்கணுமேன்னுதான் நீங்க கூப்பிட்டப்போ எடுக்கல."

"பாஸ்போர்ட் வந்துடுச்சுன்னு எம்மூஞ்சியைப் பார்த்துச் சொன்னியே?"

ஹம்ஸியா தலையைக் குனிந்துகொண்டாள். "எழுதிக் குடுத்தாச்சு. இன்னும் வரல. அதுவரைக்கும் காத்திருந்தா, நீங்க அழுது அழுதே அவ மனசைக் கலைச்சிடுவீங்கன்னு நெனச்சேன். காட்டு வழியா எத்தனையோ பேர் போறாங்களே. நானே முதல் தடவை அப்படித்தானே போனேன்."

"நீ வாசல் வழியா நடந்து போவே. எம்புள்ள ஓடையில இறங்கணுமா?"

"நான் போகலியே மதினி!" அவள் குரல் உடைந்தது. "வரிசையில நின்னேன். மழை அடிக்க அடிக்கக் கால் நகரல. அவ வந்து சேராம நான் மட்டும் எப்படிப் போவேன்?"

ரபேயா கையை ஓங்கினாள். பிளாஸ்க் அந்தக் கையில்தான் இருந்தது.

"அடிங்க மதினி. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காலைல அவளுக்கு ஏன் கோப்பை குடுக்கல? பஸ்ல வழி நெடுக உதட்டைத் தடவிக்கிட்டே வந்தா. தண்ணி குடுத்தேன். 'இது இல்ல மாமி'ன்னுட்டா."

ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கிற்று.

காட்டுப் பாதையின் வாயில் விசாரிக்கப் போயிருந்த ஜைலானி, நனைந்த கோழியாய்த் திரும்பி வந்தான். வழக்கமான கேலி எதுவும் அவன் வாயில் இல்லை. "மிளகுத் தோட்டத்துக்காரரைப் பார்த்தேன். காலைல ஒரு கூட்டம் உள்ளே போனதாம். ஒரு சின்னப் பொண்ணும் இருந்தாளாம். யாரும் திரும்பலியாம்."

மூவரும் மிளகுத் தோட்டத்துக்கு நடந்தார்கள். கொடிக்கால்களின் வரிசை முடிந்த இடத்தில் மரங்கள் கறுத்து நின்றன; அவற்றினிடையே ஒரு மனிதர் அகலத்துக்கு இருட்டு. அதுதான் பாதை. உள்ளிருந்து வந்த இரைச்சல் மழையுடையதா, ஓடையுடையதா என்று பிரித்தறிய முடியவில்லை.

ரபேயா இரண்டு முறை மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை குரல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து அவள் வாயில் எதுவும் படவில்லை. மகளுடைய வாயும் இப்படித்தானே காய்ந்திருக்கும் என்று எண்ணினாள். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஹம்ஸியா அவளருகில் குந்தினாள். "மதினி, இன்னொண்ணும் இருக்கு. அண்ணனைப் பத்தி..."

"என்ன, அவருக்கு என்ன?"

"அங்க பாருங்க!" என்றான் ஜைலானி.

இருட்டுக்குள் ஏதோ அசைந்தது. முதலில் ஒரு வெளிர் நிறம். பிறகு கிளையைப் பிடித்த ஒரு கை. பிறகு, தலை முதல் கால் வரை சேறு பூசிய ஓர் உருவம், தனியாக, காலொன்றை இழுத்து இழுத்து வந்தது.

"உம்மா?" என்றது அந்த உருவம், நம்பாமல்.

ரபேயா எழுந்து ஓடியது அவளுக்கே தெரியாது. மகளின் தலை, தோள், கைகள், விரல்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் கயித்தைப் பிடிச்சிக்கிட்டு ஓடையில இறங்கினாங்க" என்றாள் மஸ்வாரி. பற்கள் தந்தியடித்தன. "என்னால முடியல உம்மா. வாய் காஞ்சு போச்சு. கோப்பை ஞாபகம்தான் வந்துச்சு. இதுல காலை வச்சா செத்துடுவேன்னு தோணிடுச்சு. தெக்கோங் திட்டினான். 'பால்குடி மறக்காதவளை எல்லாம் ஏன் கூட்டிட்டு வர்றீங்க'ன்னான். விட்டுட்டுப் போயிட்டான். வழி தெரியல. கத்திக்கிட்டே நடந்து வந்தேன்."

தான் செய்த தவறே மகளைக் காப்பாற்றியது என்று ரபேயாவின் மனம் ஒரு கணம் துள்ளியது. கோப்பையைக் கொடுத்திருந்தால் இவளும் இறங்கியிருப்பாள், வெள்ளம் இழுத்திருக்கும். அந்த ஆறுதலைக் கெட்டியாகப் பற்றிக்கொண்ட அதே நேரத்தில் ஹம்ஸியாவின் கைபேசி அடித்தது.

"ஆமா... ஆமா... அல்ஹம்துலில்லாஹ்!" ஹம்ஸியா கைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரும்பினாள். "எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்களாம். இடுப்பளவு தண்ணிதானாம். ஒருத்தரோட செருப்பு மட்டும் போயிடுச்சாம். ஒரு பொண்ணு குறையுதேன்னு கேக்குறான்."

மஸ்வாரியின் தலை தாழ்ந்தது.

"நான் மட்டும்தான் பயந்தாங்கொள்ளி" என்றாள், மிக மெல்ல.

அந்தச் சொல் ரபேயாவைச் சுட்டது. ஆற்றில் முதலை வந்த காலத்திலும் படகைத் தனியாக ஓட்டிச் சந்தைக்குப் போன பெண் இவள். பாம்பை மிதித்தபோதும் கத்தாதவள். இவளுக்குள் இந்தப் பயத்தை வைத்தது ஓடையன்று.

தோட்டத்துக் குடிசையில் ஒதுங்கினார்கள். ஹம்ஸியா தன் துப்பட்டாவால் மஸ்வாரியின் தலையைத் துவட்டினாள். ரபேயா மகளிடம் கேட்டாள்.

"இனிமே போகாதேன்னு சொன்னா, போக மாட்டேதானே?"

"மாட்டேன் உம்மா. பயமா இருக்கு. நான் எங்கேயும் போகல."

எத்தனை நாளாக அவள் கேட்க ஏங்கிய பதில்! அதைச் சொன்ன வாய் வறண்டு வெடித்திருந்தது. சொன்ன கண்கள் தரையைவிட்டு எழவில்லை. இப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம். கோப்பையைத் துணியிலிருந்து எடுக்காமல் இருந்தால் போதும். இவள் வாழ்நாள் முழுவதும் அந்தப் படியைத் தாண்டமாட்டாள். ரபேயாவுக்குப் பொந்தின் இருட்டு கண்ணில் வந்து போயிற்று.

அவள் துணியை அவிழ்த்தாள்.

பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றியபோது பாதி தரையில் சிந்தியது. கோப்பையை இரண்டு கைகளாலும் மகள் முன் நீட்டினாள்.

"காலைல குடுக்க வேண்டியது. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் குடுக்காம இருந்தேன். பயந்து நின்னுடுவேன்னு நெனச்சேன். தப்பு எம்மேலதான், மகளே. என்னை மன்னிச்சிடு."

மஸ்வாரி நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டுச்சுன்னு தெரியும். அடுப்புல நெருப்பே இல்ல. நீங்க சும்மா ஊதிக்கிட்டு இருந்தீங்க."

ஜைலானி சட்டென்று வேறு பக்கம் திரும்பி மிளகுக் கொடிகளை ஆராயத் தொடங்கினான்.

"பாஸ்போர்ட் வரட்டும்" என்றாள் ரபேயா. "வந்ததும் வாசல் வழியா, பகல்ல, தலையை நிமிர்த்திட்டுப் போ. அன்னிக்கும் நான்தான் ஊத்துவேன். இது இன்னிக்கு உள்ளது. தொட்டுக்கோ."

"அப்போ உங்களுக்குப் பயம் இல்லியா உம்மா?"

"உசுரு போகுது பயத்துல. அது என்னோடது. நான் வச்சிக்கிறேன்."

மஸ்வாரி சேறு படிந்த விரலைத் துப்பட்டா முனையில் துடைத்தாள். காப்பியில் நனைத்தாள். உதட்டில் ஒற்றினாள். பிறகு கோப்பையை வாங்கி, அடி தெரியுமளவும் மடமடவென்று குடித்தாள்.

காலியான கோப்பை ரபேயாவின் கைக்குத் திரும்பி வந்தது. அடியில் கொஞ்சம் மண்டி தங்கியிருந்தது. அவள் அதில் தன் விரலை வைத்து, வறண்டு கிடந்த தன் உதட்டில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பிளாஸ்கைச் சாய்த்து மீதியை ஊற்றி, அருகில் நின்ற நாத்தனாரிடம் நீட்டினாள்.

ஹம்ஸியா கையை நீட்டவில்லை.

"முதல்ல அண்ணனைப் பத்தி மறைச்சதைச் சொல்லிடுறேன், மதினி. கேட்டுட்டு அப்புறம் குடுங்க, மனசு இருந்தா."

நீட்டிய கோப்பையை ரபேயா பின்னுக்கு இழுக்கவில்லை.

"முதல்ல தொட்டுக்கோ" என்றாள். "அப்புறம் சொல்லு."